மேவிஸ் குரோகரின் நாற்பத்துநான்கு

மேவிஸ் குரோகரின் உடைந்த வலது தோளில் உலோகக் குமிழ் பொருத்திய டாக்டர், ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் இனி செய்யக்கூடாதவற்றை வரிசையாகச் சொன்னார். விறகு பிளக்கக் கூடாது. தலைக்கு மேல் பாரம் தூக்கக் கூடாது. ரைஃபிள் கட்டையை அந்தத் தோளில் வைக்கவே கூடாது.

"இடது தோள்ல?"

"வைக்கலாம். இடது கண்ணு எப்படி?"

"பஸ் ஓட்டப் போதும். வேட்டைக்குப் போதாது."

"அப்ப விட்டுடுங்க. வயசும் அறுபத்தொண்ணு ஆச்சு."

"ரிவால்வர்ல சுட்டா?"

டாக்டர் பேனாவை மூடினார். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. உதை மணிக்கட்டிலும் முழங்கையிலும் மடங்கிப் போய்விடும், தோள்வரை அவ்வளவாக வராது என்று யோசித்து யோசித்துச் சொன்னார். "ஆனா குதிரை ஒசரம் இருக்கற எல்க் மானை அதை வெச்சு யாரு வேட்டையாடுவாங்க?"

"ஐடஹோல ஆடுவாங்க. உங்களுக்கு எந்த ஊரு?"

"சிகாகோ."

"அதான்" என்று சொல்லிவிட்டு மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அது 1993 ஜூலை. அதற்கு முந்தைய இருபத்தேழு வருடம் அவள் மலைப்பாதையில் பள்ளிக்கூட மஞ்சள் பஸ் ஓட்டியவள். பனி மூடிய வளைவுகளில் ஒரு நாள்கூடச் சறுக்காத பஸ்ஸின் படியில், ஜனவரி மாதக் காலையொன்றில் அவளே சறுக்கி விழுந்தாள். வலது தோள் மூன்று துண்டானது. கணவன் 1979இல் மீன்பிடி வேலைக்கென்று அலாஸ்கா போனவன். அங்கிருந்து வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரும், ஆள் வரவில்லை. அதற்காக அவள் அழுததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. அவன் விட்டுப்போன படகை விற்று ஈயம் உருக்கும் அடுப்பு வாங்கினாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபர் வந்தால் அவளுக்கு முகாம். தம்பி டெல், டெல்லோடு மர அறுவை ஆலையில் வேலை பார்த்த வெண்டல், இவள். மூன்று பேர், ஒரு கூடாரம், கட்டர் ஓடைக்கு மேலே பைன் மரங்களுக்கு நடுவே பத்து நாள். பதினான்கு வயதில் அப்பாவோடு முதல் எல்க்கைச் சுட்டதிலிருந்து அவள் தவறவிட்ட அக்டோபர் ஒன்றுதான். அந்த வருடம் பிள்ளைத்தாய்ச்சி. எட்டாம் மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. அடுத்த அக்டோபரில் மறுபடி மலை ஏறினாள்.

ஆகஸ்டில் டெல் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, இந்த வருஷம் நீ வராம இருந்துடாத. சமையலுக்கு ஆள் வேணும்."

"சமையலுக்கா?"

"உக்காந்துக்கிட்டே செய்யலாம். தோளுக்கும் நல்லது. உன் பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் இல்லாம வெண்டல் மலையேற மாட்டேங்கறான்."

"வெண்டலுக்குக் கை இருக்கில்ல?"

"ரைஃபிள் தூக்க முடியாம அங்க வந்து என்ன பண்ணப் போற? சும்மா உக்காந்திருப்பியா?"

"சுடுவேன்" என்றாள். "தட்டுல அஞ்சு போட்டுட்டு மலைக்குப் போவேன். உங்களை மாதிரியே."

தட்டு என்பது அந்த முகாமின் சட்டம். வேட்டைக்கு முன் ஒவ்வொருவரும் தன் தூரத்தைச் சொல்ல வேண்டும். அந்தத் தூரத்தில் மரத்தில் ஆணியடித்த ஒன்பது அங்குலக் காகிதத் தட்டில் ஐந்து குண்டு போட வேண்டும். ஐந்தும் விழுந்தால் மலை. ஒன்று தவறினாலும் அன்றைக்கு அடுப்படி, மறுநாள்தான் அடுத்த வாய்ப்பு. சொன்ன தூரத்துக்கு அப்பால் நிற்கும் மிருகத்தைச் சுடவே கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் மேவிஸ்தான். பதினோரு வருடம் முன்பு டெல் ஓர் எல்க்கின் வயிற்றில் சுட்டுவிட்டுத் தொலைத்தான். இரண்டு நாள் இரத்தத் துளிகளைத் தேடி நடந்து, காக்கைகள் காட்டிக்கொடுத்த பிறகு அதைக் கண்டெடுத்தவள் அவள். அடுத்த வருடம் முதல் வேலையாக மரத்தில் தட்டு ஏறியது.

"எதை வெச்சு சுடுவே?" என்றான் டெல்.

"ஃபார்ட்டி ஃபோர்."

அவன் சிரித்த சிரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த நாற்பத்துநான்கு ரிவால்வர், கரடி வந்தால் ஆகட்டும் என்று அவள் இடுப்பில் சும்மா தொங்கிய சாமான். பக்கத்து வீட்டுக்காரர் செத்தபோது ஏலத்தில் எடுத்தது. ஆறு குண்டில் ஐந்து அக்கம்பக்கமாக விழும், ஒன்று தன் இஷ்டத்துக்குப் போகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் விசைக் காப்பு வளையம் நடுவிரல் கணுவை இடிக்கும். அந்த இடத்தில் அவளுக்குத் தோல் தடித்துப் போயிருந்தது.

மேவிஸ் மருந்துக்கடைக்குப் போய் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நகப்பூச்சு வாங்கினாள். சிவப்பு. கல்லாவில் இருந்த பெண் கண்ணை அகலப்படுத்திப் பார்த்தாள். "விருந்தா மேவிஸ்?"

"ஆறு பேருக்கு" என்றாள் மேவிஸ்.

ரிவால்வர் உருளையின் ஆறு அறைகளிலும் ஒன்றுமுதல் ஆறுவரை புள்ளி வைத்தாள். ஊருக்கு வெளியே இருந்த ஜல்லிக்குழியில் ஒவ்வோர் அறையிலும் பத்துப் பத்துக் குண்டு, தனித்தனிக் காகிதத்தில் சுட்டாள். மூன்று நாள் ஆனது. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் உள்ளங்கை அளவில் கூடி நின்றன. மூன்றாவது அறையின் காகிதம் மட்டும் கோழி கிளறிய முற்றம் மாதிரி இருந்தது.

அந்த ஆறு காகிதத்தையும் சுருட்டிக்கொண்டுதான் ஹார்லன் ஃபைக்கின் பட்டறைக்குப் போனாள். ஃபைக் துப்பாக்கித் தச்சர், எழுபதைத் தாண்டியவர். பட்டறைக் கதவில் அட்டை தொங்கும்: இன்று கொடுத்தால் பதினான்கு மாதம். அவசரம் என்றால் பதினெட்டு.

"படிச்சீங்களா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"படிச்சேன். எனக்கு ஏழு வாரம்தான் இருக்கு."

"அப்ப வேற ஆளைப் பாரும்மா."

அவள் காகிதங்களை அவருடைய மேசையில் வரிசையாக விரித்தாள். ஃபைக் பார்க்க மாட்டேன் என்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மூன்றாவது காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"இதை யாரு பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"இங்க வர்றவன் எல்லாம் துப்பாக்கியைக் கொடுத்துட்டு ஒரு கதையும் சொல்லுவான். காத்து, வெயிலு, குண்டு மட்டம்னு. நோய் எங்கன்னு தேடவே எனக்கு ரெண்டு நாள் போகும்." அவர் உருளையைக் கழற்றி, எஃகுக் குச்சிகள் நிறைந்த பெட்டியைத் திறந்தார். மயிரிழை மயிரிழையாக அளவு மாறும் குச்சிகள். ஐந்து அறைகளின் வாயிலும் வழுக்கிக்கொண்டு போன குச்சி, மூன்றாவதில் நின்றுவிட்டது. "பாத்தீங்களா, வாய் இறுக்கம். குண்டு இதுல நசுங்கிச் சின்னதாகி வெளிய வருது. குழாய்க்குள்ள வந்ததும் பிடிப்பு இல்லாம ஆடிக்கிட்டே போகுது."

"சரி பண்ண எவ்வளவு நேரம்?"

"இதுக்கு ஒரு மணி நேரம்." அவர் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "ஆனா ஒரு மணி நேர வேலையை மட்டும் பண்ணிட்டு அனுப்பற ஆளு நான் இல்ல. உங்க குண்டு ஒரு டஜன் குடுங்க."

கார்ச் சக்கரத்தில் பொருத்தும் ஈயத் துண்டுகளை உருக்கி அவளே வார்த்த குண்டுகள். ஃபைக் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார், குறை சொல்லவில்லை. அவர் அளவில் அது பாராட்டு.

பிறகு சண்டை தொடங்கியது. குழாய் முனையில் துளை போட்டுத் தருகிறேன், உதை பாதியாகும் என்றார். வேண்டாம், சத்தம் இரட்டிப்பாகும், காது எனக்கு வேண்டும் என்றாள். சுத்தியல் ஸ்பிரிங்கை இளக்கித் தருகிறேன், பெண்பிள்ளை கட்டைவிரலுக்குச் சுலபமாக இருக்கும் என்றார்.

"மலைல காலைல எத்தனை டிகிரி தெரியுமா? எண்ணெய் உறைஞ்சிருக்கும். இளக்கின ஸ்பிரிங் தட்டற தட்டுல வெடிக்காமப் போனா எல்க் காத்துக்கிட்டு நிக்குமா?"

"வெடிக்கும்மா."

"கோடையில வெடிக்கும். இருபத்தேழு வருஷம் பஸ் கியர் மாத்தினவ நான். கட்டைவிரலைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க."

ஃபைக் வாயைக் கோணினார். "வேற எதாவது நான் பண்ணலாமா, இல்ல நீங்களே பண்ணிக்கறீங்களா?"

அவள் நடுவிரலை நீட்டித் தடித்த கணுவைக் காட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. காப்பு வளையத்தின் பின்பக்கத்தை வளைத்து உருட்டித் தருவதாகவும், அவள் கைக்கு அளந்து வால்நட் மரத்தில் புதுப் பிடி செதுக்குவதாகவும் சொன்னார். விசையின் கரகரப்பை எடுப்பதாகவும் சொன்னார். அதற்கெல்லாம் அவள் மறுப்புச் சொல்லவில்லை.

பத்தொன்பது நாளில் துப்பாக்கி வந்தது. விசை, கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சுத்தமாக விட்டது. பிடி உள்ளங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் குழாய் முனையில் இருந்த குறிமுள் அசிங்கமாக, தேவைக்கு மேல் உயரமாக நின்றது. கூடவே ஒரு சின்ன அரம் இருந்தது.

"இது என்ன, வேலை முடியலையா?"

"முடிஞ்சுது. மிச்சம் உங்களோடது. இப்ப சுட்டா கீழ போகும். முள்ளை அராவ அராவ குண்டு மேல ஏறும். உங்க கண்ணு, உங்க குண்டு, உங்க தூரம். நான் அராவிக் குடுத்தா அது என் துப்பாக்கி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, அராவினதை ஒட்ட முடியாது." கதவுவரை வந்தவர் இன்னொன்றும் சொன்னார். "சுடும்போது குழாய் எது மேலயும் படக்கூடாது. ரைஃபிள்காரங்க கட்டையில வெச்சுச் சுடுவாங்க. இது கட்டையில பட்டா துள்ளும்."

பள்ளிக்கூடம் திறந்து அவள் மறுபடி பஸ் ஓட்டத் தொடங்கியிருந்தாள். இரண்டு வாரம், தினமும் பஸ்ஸை நிறுத்திய கையோடு ஜல்லிக்குழிக்குப் போனாள். ஐந்து குண்டு, இரண்டு இழுப்பு. ஐந்து குண்டு, ஒரு இழுப்பு. எழுபத்தைந்து கஜத்தில் குண்டுகள் தரையிலிருந்து தட்டின் அடி விளிம்புக்கு ஏறின, விளிம்பிலிருந்து நடுவுக்கு. நடுவுக்கு இன்னும் ஒரு விரல்தான். ஓர் இழுப்பு கூடிப்போனாலும் திரும்ப வராது. அரத்தை பஸ்ஸில் பூட்டி வைத்துவிட்டு இரண்டு நாள் தொடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் ஒரே ஒரு இழுப்பு. போதும்.

அக்டோபரில் முகாமுக்கு வந்து இறங்கியபோது டெல் மரத்தில் தட்டை ஏற்கெனவே அடித்திருந்தான். இருநூறு கஜத்தில் இரண்டு, அவனுக்கும் வெண்டலுக்கும். இவளுக்கு என்று ஒன்றும் இல்லை. வண்டியிலிருந்து மாவு மூட்டையும் பெரிய வாணலியும் இறங்கின.

"எனக்கு எங்க?"

"அக்கா, நிஜமாவே சொன்னியா?"

அவள் தானே காலடி வைத்து அளந்து, எழுபத்தைந்து கஜத்தில் ஒரு தட்டை அடித்துவிட்டு வந்தாள். வெண்டல் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நல்ல இடமாகப் பார்த்துப் போட்டான். "டிக்கெட் உண்டா?" என்றான்.

டெல்லுக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டதோ என்னவோ, பருத்த மரக்கட்டை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டான். "இது மேல வெச்சுச் சுடு. தோளுக்கு ஆறுதலா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஜூலையிலிருந்து எல்லோரிடமும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம், தச்சரிடம், இவனிடம். தம்பி முகத்தைப் பார்த்தாள். இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று குப்புறப் படுத்து, குழாயைக் கட்டைமேல் வைத்தாள்.

முதல் குண்டு தட்டுக்கு நாலு விரல் மேலே மரப்பட்டையைப் பிய்த்தது.

மேவிஸ் எழுந்தாள். பூட்ஸ் காலால் கட்டையை ஓடைப் பக்கம் உருட்டிவிட்டாள். பைன் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முழங்கால்களை மடக்கி, அவற்றுக்கு நடுவே மணிக்கட்டுகளை வைத்தாள். குழாய் காற்றில் நின்றது. நான்கு முறை சுட்டாள். நான்கும் தட்டில், ஒரு காபிக் கோப்பை மூடும் இடத்துக்குள்.

வெண்டல் தொலைநோக்கியைக் கீழே இறக்கவே இல்லை. "டெல், இதை நீ பாக்கணும்."

டெல் பார்த்தான். காது சிவந்தது. "அக்கா, கட்டை என் தப்பு. அது கணக்குல வராது. இன்னொண்ணு போடு."

"போட மாட்டேன்."

"நான்தான சொல்றேன்."

"சட்டத்தைப் போட்டது நீ இல்ல, நான். அஞ்சுல ஒண்ணு போச்சு. கட்டையில வெச்சது நான்தான், நீ என் கையைப் பிடிச்சு வெக்கல. இன்னைக்கு நான் அடுப்படி."

"ஒரு வருஷம் விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சிடும்?"

"இன்னைக்கு எனக்கு விட்டுக்குடுப்பே. நாளைக்கு நான் எது கேட்டாலும், விட்டுக்குடுத்தோமேன்னு சொல்லுவே." அவள் மாவு மூட்டையை அவிழ்த்தாள். "சாப்பிட வாங்க. கையைக் கழுவிட்டு."

அன்று அவள் செய்த பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் எப்போதும்போல் நன்றாகவே இருந்தன. கோபத்தில் உப்பைக் கொட்டுகிறவள் அல்ல. ஆண்கள் இருவரும் மலைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். இரண்டு தட்டு சாப்பிட்ட வெண்டல், மூன்றாவதாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டான்.

மறுநாள் விடிந்ததும் புதுத் தட்டு. புல்லின்மேல் உறைபனி. மேவிஸ் அதே மரத்தில் சாய்ந்தாள். மூச்சு வெண்மையாகப் போய்க் கலைவதுவரை காத்திருந்து ஒவ்வொன்றாகச் சுட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது விளிம்பை ஒட்டி விழுந்தது. டெல் தன்னையறியாமல் கையை முறுக்கிக்கொண்டான். ஐந்தாவதுக்கு அவள் சுத்தியலை இழுத்தாள். மறுபடி மெல்ல இறக்கினாள். விரலைத் துடைத்துக்கொண்டு திரும்ப இழுத்தாள். ஐந்தாவது நடுவில்.

வெண்டல் தொப்பியை எடுத்தான். "அம்மணி, மலை உங்களுது."

"இருங்க" என்றாள் மேவிஸ். "நேத்து நான் சுட்டதைப் பாத்துட்டு அப்படியே மலையேறிட்டீங்க. உங்க தட்டு ரெண்டும் ஓட்டை விழாம அப்படியே இருக்கு."

"நாப்பது வருஷமா சுடறேன் நான்" என்றான் டெல்.

"நானும்தான்."

வேறு வழியில்லாமல் இருவரும் படுத்தார்கள். வெண்டல் ஐந்தையும் போட்டான், ஒன்று மயிரிழையில். டெல்லுடைய ஐந்தும் கையளவு இடத்தில் விழுந்தன. அவன் நன்றாகச் சுடுகிறவன், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மேவிஸ் இரண்டு தட்டையும் விரல்விட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"நான் கூட வர்றேன்" என்றான் டெல். "எல்க் விழுந்தா இழுக்க ஆள் வேணும்ல?"

"விழுந்தா கூப்பிடறேன்."

வடக்குச் சரிவில் தனியாக ஏறினாள். மூச்சு வாங்கும் இடத்தில் நின்றாள், நிற்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் புல்வெளியின் மறு ஓரத்தில் ஆண் எல்க் ஒன்று மரங்களுக்குள்ளிருந்து வந்தது. பக்கத்துக்கு ஆறு கிளை விட்ட கொம்பு. கழுத்து மயிரில் வெயில். அவள் கண்ணால் அளந்தாள். நூற்றுப் பத்து கஜம் இருக்கும்.

தவழ்ந்தாள். தோள் கத்தியது. விழுந்த மரம் ஒன்றுவரை போய்ச் சேர்ந்தபோது தொண்ணூறு. எல்க் தலை குனிந்து மேய்ந்தது. முன்தோளுக்குப் பின்னால் குண்டு போக வேண்டிய இடம் துலக்கமாகத் தெரிந்தது. முள் அங்கே போய் நின்றது, ஆடாமல். ரிவால்வர் இந்தத் தூரத்துக்கும் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஃபைக்கின் கை அதற்குள் இருந்தது. சுத்தியல் இழுத்தபடியே அவள் ஐந்து நிமிடம் காத்திருந்தாள், இன்னும் பதினைந்து கஜம் அது இந்தப் பக்கம் வருமா என்று.

காற்று திரும்பி அவள் பிடரியில் பட்டது. எல்க் தலையைத் தூக்கியது. அவள் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போனது. மேவிஸ் சுத்தியலை மெல்ல இறக்கினாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் முகாமுக்கு வந்துவிட்டாள். டெல்லும் வெண்டலும் அணைந்த அடுப்பின் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தமே கேக்கலையே" என்றான் டெல். "ஒண்ணும் வரலியா?"

"வந்துச்சு. ஆறு கிளைக்காரன். தொண்ணூறு கஜத்துல."

"சுடலியா?"

"என் தூரம் எழுபத்தஞ்சு."

"அக்கா, பதினஞ்சு கஜம். உன் கிட்ட ரைஃபிள் இருந்திருந்தா இந்நேரம் தோலை உரிச்சுக்கிட்டு இருந்திருப்போம்."

"உன் கிட்டதான் இருக்கே. நீ என்ன உரிச்சே?"

வெண்டல் சிரிப்பை இருமலாக்கினான். டெல் ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினான். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு எங்க போறே?" என்று கேட்டான். வருடா வருடம் வெண்டலிடம் கேட்கும் அதே குரலில் கேட்டான்.

"அதே புல்வெளி. மேற்கால சுத்தி வந்தா காத்து எனக்குச் சாதகம். நீங்க ரெண்டு பேரும் தெற்குச் சரிவை எடுத்துக்குங்க, அந்தப் பக்கம் வந்து கலைச்சு விட்டுடாதீங்க."

"சரி" என்றான் டெல்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்து ரிவால்வரைத் துணியில் துடைக்கத் தொடங்கினாள். வெண்டல் வாணலியைப் பார்த்தான், டெல்லைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"அப்ப இன்னைக்குச் சமையல் யாரு?"

"பசிக்கிறவங்க" என்றாள் மேவிஸ், தலையைத் தூக்காமல்.